ஸ்பெஷல் பீஸ் ரத்தான வருஷமும் என் மைக்கும்

இதை எழுத வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. நோட்டு வாங்கினேன், பேனா வாங்கினேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டேன். சுழியோடு நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அதை வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் திரும்ப உள்ளே வைப்பேன். ஒரு வரிகூட எழுதாத நோட்டுக்கு ஏழு பூஜை நடந்திருக்கிறது.

எழுதினால் என் லட்சணம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான். எழுதாமல் விட்டால், இன்றைக்குப் பள்ளிக்கூட ஆபீசுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் நான் செய்ததையே வேறு மாதிரி செய்வார்கள் என்ற பயமும் உண்டு. இந்த இரண்டாவது பயம் பெரிதாவதற்கு ஏழு வருஷம் ஆனது. முருகன் அருளால் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் முறை எழுதிப் பாஸ் பண்ணி, டைப்ரைட்டிங் லோயர் முடித்து, காரைக்குடிப் பக்கம் ஒரு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் கிளார்க்காகச் சேர்ந்தவன். ஊர் பெயர் வேண்டாம்.

1. மைக் என் கைக்கு வந்தது

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை பிரேயரில் பாடுகிற டீச்சர் லீவு. ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருக்காவது சாமி பாட்டு வருமா?" என்று வாத்தியார்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் எங்கள் தெரு பஜனையில் சனிக்கிழமை தவறாமல் பாடுகிறவன். நெற்றி நிறையத் திருநீறு வேறு. யாரும் கூப்பிடாமலேயே முன்னால் போய்விட்டேன்.

பாடி முடித்ததும் மைதானம் அமைதியாக இருந்தது. பிள்ளைகள் மெய்மறந்து நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன். மணி ஒன்பதரைக்கே வெயில் ஏறிவிட்டது, பாட்டு நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் சந்தோஷம்.

"சுப்பையா, தொண்டை கணீர்னு இருக்கய்யா. அப்படியே இந்த லிஸ்டையும் வாசிச்சிருங்க. நான் வாசிச்சா கடைசி வரிசைக்குக் கேக்க மாட்டேங்குது."

அந்த லிஸ்ட் ஸ்பெஷல் பீஸ் கட்டாதவர்களின் பட்டியல். அரசாங்கத்துப் பள்ளிக்கூடமோ உதவி பெறும் பள்ளிக்கூடமோ, அப்போது ஆறாம் வகுப்பிலிருந்து மேலே லேபுக்கு, லைப்ரரிக்கு, விளையாட்டுக்கு என்று ஒரு சின்னத் தொகை வாங்குவோம். இன்றைக்கு ஒரு நல்ல டிபனுக்குப் பத்தாது. ஆனால் அன்றாடம் வேலைக்குப் போய் அன்றாடம் அடுப்பெரிக்கிற வீட்டில் எந்தத் தொகையும் சின்னது இல்லை.

அன்றைக்குப் பாட்டோடு பட்டியலையும் வாசித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன். வீட்டில் என் மனைவி மீனாள் ஒரு நாள் கேட்டாள்.

"சாமி பாட்டுக்கும் பேர் வாசிக்கிறதுக்கும் நடுவுல கொஞ்சம் தண்ணியாவது குடிப்பீகளா?"

"எதுக்கு?"

"வாயைக் கழுவிக்கிறலாமேன்னு கேட்டேன்."

தொண்டை வறட்சிக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வெந்நீர் கொண்டுபோனேன்.

2. பத்து மணிக் கவுன்டர்

பிரேயர் ஒன்பது இருபதுக்கு. பீஸ் வாங்குகிற என் கவுன்டர் பத்து மணிக்கு. ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்து பீரோ சாவியைத் தந்தால்தான் ரசீது புத்தகம் வெளியே வரும். ஆக, ஒரு பிள்ளை காலையில் பணத்தைக் கொண்டுவந்தாலும் பிரேயரில் அதன் பெயரை வாசித்துவிடுவேன். அது எழுந்து நிற்கும். பத்து மணிக்கு வந்து கட்டும்.

இதில் என்ன கோளாறு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "சார், கொண்டாந்திருக்கேன் சார்" என்று வரிசையிலிருந்து ஏதாவது குரல் வந்தால், "கவுன்டர் பத்து மணிக்குத்தான்" என்று மைக்கிலேயே சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பேங்க் மேனேஜர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

வெறுமனே வாசித்தால் பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்று நடுநடுவே ஜோக்கும் அடிப்பேன். அதற்கும் சிரிப்பு கிடைத்தது. பாட்டுக்குக் கிடைக்காத கவனம் பட்டியலுக்குக் கிடைத்தது. குரல் வளம் உள்ளவனுக்கு அது பெரிய போதை.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. அம்மா, கண்டனூரில் பெரிய வீடுகளைத் திறந்து கூட்டிக் கழுவுகிற வேலை செய்கிறவர். அப்பா இல்லை. ஜூலையில் அந்தப் பிள்ளையின் பெயரை வாசித்தேன். ஆகஸ்டிலும் வாசித்தேன். ஆகஸ்டில் வாசித்த அன்று மத்தியானம் அது வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வகுப்பு டீச்சர் ஆபீசுக்கு வந்து, "பீஸ் கட்ட முடியாம நின்னுருச்சு போல சார், பாவம்" என்றார்.

எனக்கு மனசு உறுத்தியது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே உறுத்தியது. சாயங்காலம் குன்றக்குடி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, அந்தப் பிள்ளை திரும்ப வந்தால் செருப்பில்லாமல் உன் மலைக்கு நடந்து வருகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். அந்தத் தொகையை நானே கட்டிவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. சாமியிடம் சொல்வது செலவில்லாத வழி.

3. ஆர்டர் வந்த நாள்

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அரசாணை வந்தது. ஸ்பெஷல் பீஸ் ரத்து. பத்தாம் வகுப்பு வரைக்கும் இனி வாங்கக் கூடாது.

ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"என்னய்யா, பிரசாதமா?" என்றார்.

"முருகன் கேட்டுட்டான் சார்."

"யாரு கேட்டது?"

ஆர்டரை மடித்து ஃபைலில் வைத்தேன். தமிழ்நாடு முழுக்க இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் கட்டணத்தை ரத்து செய்ததற்குக் காரணம், காரைக்குடிப் பக்கத்துக் கிளார்க் ஒருவன் செய்த நேர்த்திதான் என்று நான் அன்றைக்கு மனசார நம்பினேன். வீட்டுக்கு வந்து மீனாளிடமும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க இன்னும் கொஞ்சம் முந்தியே நேர்ந்திருக்கலாம். இத்தனை வருசம் எத்தனை பிள்ளைக கட்டுச்சுக."

ஆர்டர் வந்ததும் ஊரில் பல மாதிரி நடந்தது. நின்றுபோன சில பிள்ளைகள் தாங்களாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. தவணை நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து கவுன்டரில் நிற்கும் தாய்மார்களை அதற்குப் பிறகு காணோம். அவர்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். நல்லதுதான். ஆனால் பீஸ் கட்ட வரும் சாக்கில் "என் மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள், அதுவும் நின்றுவிட்டது. மளிகைக்கடைக்காரர் ஒருவர் வந்து மகனுக்கு டி.சி. கேட்டார்.

"ஏங்க, இப்பத்தானே எல்லாம் இலவசமாயிருக்கு?" என்றேன்.

"அதுக்குத்தான் சார் கேக்குறேன். காசு வாங்காம என்னத்தச் சொல்லிக் குடுப்பீக?"

அவருக்கு டி.சி. எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து மகனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்.

4. வாசிக்க ஒன்றும் இல்லாத பேப்பர்

ஆர்டர் வந்த மறுநாள் பிரேயரில் பாடி முடித்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவ்வளவு பெரிய மைதானம், அவ்வளவு பிள்ளைகள், என்னிடம் சொல்ல ஒரு சேதி இல்லை. ஏதோ ஞாபகத்தில் "கவுன்டர் பத்து மணிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எந்தக் கவுன்டர் என்று எனக்கே தெரியாது.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஹெட்மாஸ்டரிடம் போய், "சார், லேட்டா வர்றவுக பேரை வாசிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சரி என்றார். அப்புறம் அட்லஸ் கொண்டுவராதவர்கள். அப்புறம் நகம் வெட்டாதவர்கள். நகம் வெட்டாதவர்களைக் கண்டுபிடிக்க நானே வரிசை வரிசையாகப் போய்க் கையை நீட்டச் சொல்லிப் பெயர் எழுதினேன். ஆபீஸ் வேலையெல்லாம் கிடக்க, கிளார்க் பிள்ளைகளின் நகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டணத்தை ரத்து செய்ய ஒரு ஆர்டர் போதும். பட்டியல் வாசிக்கிறவனின் நாக்குக்கு ஆர்டர் போட்டவர்கள் யாரும் இல்லை.

5. கண்டனூர் வீடு

அந்தப் பிள்ளை மட்டும் வரவில்லை. நவம்பர் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் தயார் செய்ய வேண்டும். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதி, போட்டோ ஒட்டி, பிள்ளையின் கையெழுத்து வாங்கி அனுப்பும் பட்டியல் அது. அதில் பெயர் இல்லை என்றால் அந்த வருஷம் பரீட்சை இல்லை.

"சேதி தெரியலை போல சார். நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்தேன்.

அம்மாவும் மகளும் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வருஷமாகப் பூட்டியிருந்த வீடு. அடுத்த வாரம் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். நல்ல சேதி கொண்டு வருகிறவன் என்ற மிதப்பில் முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். பூக்கல் தரையில் அப்போதுதான் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். மூன்றாவது அடியில் கால் இரண்டும் முன்னால் போக, நான் பின்னால் உட்கார்ந்தேன். அரசாணை நகல் தனியாகப் பறந்து விழுந்தது.

"யாரது, இங்குட்டு வராதீக, வழுக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விழுந்த பிறகு வந்தது.

இரண்டாம் கட்டு முற்றத்தில் அம்மா புளி போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பிள்ளை பித்தளை விளக்குகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது. என்னைக் கண்டால் எழுந்து நிற்கத்தான் அதற்குப் பழக்கம்.

அரை மணி நேரம் நான் பேசினேன். அரசாணை எண் சொன்னேன். முருகன் கருணையைச் சொன்னேன். படிப்பின் அருமையைச் சொன்னேன். அம்மா புளிக்கையோடு கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இந்த வீட்டுக்கார ஆச்சி மெட்ராசுல இவளை வச்சிக்கிறேங்கிறாக சார். கல்யாணம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. கூடமாட இருந்தாச் சோறு, துணி எல்லாம் பாத்துக்கிறுவாக" என்றார்.

"அதெல்லாம் வேணாம்மா. பீஸே கிடையாதுன்னு ஆயிருச்சே. பரீட்சை எழுதட்டும்."

அந்தப் பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தது.

"இனிமே பேர் வாசிக்க மாட்டீகளா சார்?"

"பீஸே இல்லையே தாயி, எதுக்கு வாசிக்கிறது?" என்று சிரித்தேன்.

அது அம்மாவைப் பார்த்தது. "அப்பத் திங்கக்கிழமை வர்றேன் சார்."

ஞாயிற்றுக்கிழமையே செருப்பில்லாமல் குன்றக்குடிக்கு நடந்துவிட்டேன். பிள்ளை இன்னும் வரவில்லையே, நேர்த்தி திங்கள்கிழமைக்குப் பிறகுதானே என்றாள் மீனாள். சாமி விஷயத்தில் தாமதம் கூடாது என்றேன்.

6. நல்லதுக்கும் கூடாது

திங்கள்கிழமை காலை. பத்தாம் வகுப்பு வரிசையில் கடைசியாக அது நிற்பது எனக்குத் தெரிந்தது. பாட்டை வழக்கத்தைவிட உருக்கமாகப் பாடினேன். பாடி முடித்த பிறகும் இறங்க மனசு வரவில்லை.

"மாணவச் செல்வங்களே, இன்றைக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளையின் முழுப் பெயரையும் வகுப்பையும் சொன்னேன். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட இந்த ஏழை மாணவி, அரசாங்கத்தின் தயவால் இன்று மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறாள், எல்லாரும் கைதட்டி வரவேற்போம் என்றேன். மைதானமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"நல்லாப் பேசினீக சுப்பையா" என்றார் ஹெட்மாஸ்டர்.

முதல் பீரியட் அட்டெண்டன்சில் அந்தப் பிள்ளை இல்லை. பை மட்டும் பெஞ்சில் இருந்தது.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "நாமினல் ரோல் என்னைக்கு அனுப்பணும்?"

"வெள்ளிக்கிழமை சார்."

"அப்ப இன்னும் நாலு நாள் இருக்கு. போன தடவை நீங்க என்ன பேசினீகளோ, இந்தத் தடவை அதைப் பேசாதீக."

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை பின்வாசல் வழியாகப் போனேன். கல்யாணச் சமையலுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கண்டதும், கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடவில்லை.

"வாங்க சார். மைக் கொண்டாரலையா?"

நான் பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"கெட்டது பண்றவுகளைக் கூடச் சமாளிச்சுப்புடலாம் சார். நீங்க நல்லது பண்ண வந்தீகன்னாத்தான் பயமா இருக்கு."

"நான் சந்தோசத்துல..."

"ஆமா, ஒங்களுக்குச் சந்தோசம். பீஸை ரத்து பண்ணிட்டாக, சரி. ஒங்களை ரத்து பண்ணலையே."

கொட்டகைக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷமாக நான் பிள்ளைகளுக்குச் செய்ததை, ஒரே ஒரு நிமிஷம் எனக்குச் செய்துபார்த்தார் அந்த அம்மா. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்தப் பிள்ளை பேசியது. சத்தம் போடவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னது.

"கட்ட முடியாமப் படிப்பை விட்டேன்னு சொன்னீக சார். அன்னைக்கு நான் பணம் கொண்டாந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை அம்மாகூட வேலை பாத்து வாங்கினது. ஜாமிட்ரி பாக்ஸ்ல வச்சிருந்தேன். நீங்க வாசிக்கும்போது கையைத் தூக்கிச் சொன்னேன். கவுன்டர் பத்து மணிக்குத்தான்னு சொல்லிப்புட்டீக."

எனக்கு ஞாபகமே இல்லை.

"அப்புறம் இன்னொண்ணு சொன்னீக. 'இந்தப் பேரைப் போன மாசமும் வாசிச்சேன், இந்த மாசமும் வாசிக்கிறேன், சாமி பாட்டு மாதிரி மனப்பாடமாயிருச்சு'ன்னு சொன்னீக. எல்லாரும் சிரிச்சாக. மத்தியானம் வரைக்கும் கிளாஸ்ல என்னைப் 'பாட்டு, பாட்டு'ன்னு கூப்பிட்டாக. பணத்தைக் கட்டாமலே வீட்டுக்குப் போயிட்டேன்."

ஜோக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் ஜோக் என்று தெரிந்தது. அந்த மாதிரி ஜோக் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் அடிப்பதில்லை.

"தப்புத்தான் தாயி. நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எந்தக் குரலில் கேட்பது என்றுகூட உள்ளே ஒருவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"வேணாம் சார். என் பேரை அங்க சொல்லாதீக. நல்லதுக்கும் சொல்லாதீக. மன்னிப்புக்கும் சொல்லாதீக."

"சரி தாயி. பரீட்சை...?"

"யோசிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அதனால்தான் இந்தக் குறிப்பிலும் அந்தப் பெயரை எழுதவில்லை.

7. கடைசி வரிசையிலிருந்து பார்த்தது

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பட்டியல் வேணாம், சரி. பாட்டு?"

"பாட்டும் வேணாம் சார். ரெண்டும் ஒரே தொண்டையில ஒட்டிக்கிட்டு வருது."

"கோவிச்சுக்கிட்டீகளா?"

"என் மேலதான் சார்."

பி.டி. மாஸ்டரைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியதை நான் விவரிக்க விரும்பவில்லை. சாமி பொறுத்துக்கொண்டது. நான் முதல் முறையாகக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். இருபது வருஷத்தில் பிரேயரை அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது முகங்கள்தான். அங்கிருந்து பிடரிகள் தெரிந்தன.

பாட்டு முடிந்தது. மைக் ஒரு தடவை கரகரத்தது. அவ்வளவுதான், மாஸ்டர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அங்கங்கே தலைகள் குனிந்தன. ஒன்று, இரண்டு, இந்த வரிசையில் மூன்று. தோள் குறுகி, கழுத்து உள்ளே போய், காது மட்டும் முன்னால் நின்றது. பீஸ் ரத்தாகி ஒரு மாதம் தாண்டிவிட்டது. யாரும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கரகரப்புக்குப் பிறகு தன் பெயர் வருமோ என்று குனிந்தார்கள்.

மாஸ்டர் "கலையலாம்" என்றதும்தான் நிமிர்ந்தார்கள்.

அன்றைக்கு நான் ஆபீசில் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

8. வெள்ளிக்கிழமை

நாமினல் ரோலையும், வருஷா வருஷம் மற்ற வகுப்புகளின் ரெக்கார்டையும் சரிபார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்புக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, பெயர், அப்பா பெயர், சாதி, பிறந்த தேதி, உடம்பில் எங்கே மச்சம் என்று எல்லாவற்றையும் உரக்க வாசிப்பேன். பிள்ளை "சரி சார்" என்று சொல்ல வேண்டும். மச்சம் வரும்போது வகுப்பே சிரிக்கும். தப்பு இருந்தாலும் அந்தச் சிரிப்புக்குப் பயந்து "சரி சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் மார்க் ஷீட்டில் தேதி தப்பு என்று அலைந்த பிள்ளைகள் எத்தனையோ.

அந்த வருஷம் ஆபீசில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டேன். ஒவ்வொருவராக வந்து, தானே தன் வரியை வாசித்து, தப்பிருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். முடித்துப் பார்த்தபோது பென்சில் வட்டங்கள் அவ்வளவு இருந்தன. இருபது வருஷம் நான் அனுப்பிய ரோல்களை நினைத்தேன். நினைக்க முடிந்த வரைக்கும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாக் கையெழுத்தும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ரோலை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கல்வி அலுவலகத்தில் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும். மூன்று மணிக்கு ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"கிளம்பலையா?"

"பத்து நிமிசம் சார்."

"வரலைன்னா அந்த வரியை அடிச்சுட்டுக் கொண்டுபோங்க. மத்த பிள்ளைகளையும் சேத்துக் கெடுத்துறக் கூடாது."

சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்தேன். சாமி கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை. என் வேலையை முருகன் தலையில் கட்டியது போதும் என்று இருந்தது.

மூன்று பத்துக்கு அந்தப் பிள்ளை வந்தது. கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறது. கையில் மஞ்சள் கறை, பாவாடை ஓரம் ஈரம். காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ ஒரு கவரில் இருந்தது. நான் நாற்காலியைக் காட்டினேன். பேசவில்லை.

உட்கார்ந்தது. தன் வரியில் விரலை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்தியது. மூன்று பதினைந்து. பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் அப்பா பெயர். அப்புறம் பிறந்த தேதி. மூன்று இருபது. என் கால் மேஜைக்கு அடியில் ஆடியது. மச்சத்துக்கு வந்ததும் பென்சிலை எடுத்து வட்டம் போட்டது.

"வலது முழங்கைன்னு இருக்கு சார். இடது முழங்கை."

ஐந்து வருஷமாக ஒவ்வொரு ரெக்கார்டிலும் வலது என்றுதான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் நான் உரக்க வாசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு வருஷமும் "சரி சார்" என்று சொல்லியிருக்கிறது.

இடது என்று மாற்றி எழுதினேன். கையெழுத்துப் போட்டது. போட்டோவை நான் ஒட்டினேன். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை கிளாஸுக்கு வர்றேன் சார். அம்மா ஆச்சிகிட்டச் சொல்லிட்டாக" என்றது.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த வயதில் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்துச் சந்தைக்கடையில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியது, பாஸ் பண்ணியது. இப்போது என்ன செய்கிறது என்று எழுதினால் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். நன்றாக இருக்கிறது. அது போதும்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இப்போது உங்கள் கையில் மைக் இல்லாமல் இருக்கலாம், பெற்றோர் வாட்ஸப் குரூப் இருக்கும். ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் தராதவர்கள், பேங்க் கணக்கு ஆரம்பிக்காதவர்கள் என்று அதில் பட்டியல் போடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். இலவசம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு அது இலவசமாகப் போய்ச் சேருவது கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

போன கார்த்திகைக்குக் குன்றக்குடியில் படியேறும்போது ஒரு பெரியவர், நான் யாரென்று தெரியாமல், இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதில் ஒரு பக்திமானான கிளார்க், ஏழைப் பிள்ளைக்குத் தன் சம்பளத்திலிருந்து பீஸ் கட்டி, வீடு தேடிப் போய் அழைத்து வந்து படிக்க வைக்கிறார். கேட்கக் கேட்க எனக்கே கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மறுத்துப் பேச வாய் வரவில்லை. "அப்படியா, யாரு பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அன்றைக்கு இரவே அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைத் தூக்கி நிறுத்த வேண்டாம், அந்தப் பிள்ளையை ஏழையாக்கி அழ வைக்க வேண்டாம், நடுவில் முருகனைக் கொண்டுவந்து பழியைக் கழுவவும் வேண்டாம். அன்று அந்தப் பிள்ளை பணம் கொண்டுவந்திருந்தது. நான் பெயரை வாசித்தேன். இந்த இரண்டு வரியை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.